மூடினால் தூங்கணும், திறந்தால் முழிக்கணும்: லினக்ஸ் லேப்டாப்பின் ஸ்லீப் சிக்கல்கள்



லேப்டாப்பை மூடி பையில் போட்டுக்கொண்டு ஹாஸ்டலில் இருந்து லேபுக்கு வருகிறீர்கள். பையைத் திறந்தால் உள்ளே அனல் அடிக்கிறது. இன்னொரு நாள், ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்டு மூடி வைத்தது காலையில் ரிவ்யூவுக்கு எடுக்கும்போது செத்துக் கிடக்கிறது. இன்னொரு நாள், மூடியைத் திறந்ததும் கறுப்புத் திரை. ஃபேன் மட்டும் சுத்துது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் சேவ் பண்ணாத ரிப்போர்ட் போச்சு.

இந்த மூன்றுக்கும் நம் வகுப்பில் கிடைக்கிற ஒரே பதில்: "லினக்ஸ்னாலே அப்படித்தான் மச்சி, விண்டோஸ் போட்டுடு." கொஞ்சம் விவரமானவர் என்றால், "வேற டிஸ்ட்ரோ போடு" என்பார். ஆனால் இவை மூன்றும் ஒரே நோய் இல்லை. காரணமும் வேறு, மருந்தும் வேறு. எந்தப் படியில் சிக்கல் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், பல நேரம் ஒரு வரி மாற்றத்தில் வேலை முடிந்துவிடும். கண்டுபிடிக்காமல் கிடைத்த கட்டளைகளை எல்லாம் ஒட்டினால், பழைய சிக்கலோடு புதுசும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு சின்ன விஷயம்: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்க. முதல் சில எழுத்துகள் தட்டி டேப் கீயை அழுத்தினால் மீதிப் பெயர் தானே வந்துவிடும்.

தூக்கம் எத்தனை வகை?

1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. கணினியின் விழிப்பு நிலைக்கும் தூக்க நிலைகளுக்கும் பெயர் வைத்தது அதுதான். எஸ்0 என்றால் விழித்திருப்பது. எஸ்3 என்றால் ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம், மற்றதெல்லாம் அணைப்பு. எஸ்4 என்றால் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்க அணைவது. நாம் ஹைபர்னேட் என்கிறோமே, அது. எஸ்5 முழு ஷட்டவுன்.

பிறகு லேப்டாப்பும் போன் மாதிரி சட்டென்று முழிக்கணும் என்ற ஆசை வந்தது. அதற்காக வந்தது எஸ்2ஐடில். இதில் கணினி எஸ்0-இலேயே இருக்கும். கெர்னல் எல்லா புரோகிராமையும் உறைய வைத்து, டிவைஸ்களை ஓய்வுக்கு அனுப்பி, பிராசசரை ஆழமான ஐடிலில் விடும். விண்டோஸில் இதன் பெயர் மாடர்ன் ஸ்டான்ட்பை. 2020-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் எஸ்3 என்பதே ஃபர்ம்வேரில் கிடையாது.

உங்கள் மெஷினில் எது இருக்கிறது? இதைத் தட்டிப் பாருங்க:

கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்

"[எஸ்2ஐடில்] டீப்" என்று வந்தால் இரண்டும் இருக்கிறது. சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. டீப் என்பது எஸ்3. "[எஸ்2ஐடில்]" மட்டும் வந்தால் எஸ்3 இல்லை. கெர்னல் பாராமீட்டரில் டீப் என்று எழுதினாலும் அது வராது. "டீப் போட்டால் சரியாகிடும்" என்ற அறிவுரை பலருக்கு வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான்.

தூங்கும்போது நடப்பது என்ன?

வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்க. சிஸ்டம்டி-லாகின்ட் என்ற சர்வீஸ் மூடி மூடப்பட்டதைப் பார்க்கிறது. அது சொன்னதும் கெர்னல் டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதுகிறது. பிறகு புரோகிராம்களை உறைய வைக்கிறது. பிறகு ஒவ்வொரு டிரைவரிடமும் "உன் டிவைஸைத் தூங்க வை" என்கிறது. கடைசியில் ஃபர்ம்வேரிடமோ பிராசசரிடமோ ஒப்படைக்கிறது. முழிக்கும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதுதான் நம் கேள்வி.

முதல் சாட்சி லாக். திரும்ப பூட் ஆனதும்:

ஜர்னல்சிடிஎல் -கே -பி -1

இது முந்தைய பூட்டின் கெர்னல் செய்திகளைக் காட்டும். அதில் "பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி" என்ற வரியைத் தேடுங்க. அதுவே இல்லையென்றால் தூக்கம் தொடங்கவே இல்லை. என்ட்ரி இருந்து "பிஎம்: சஸ்பெண்ட் எக்சிட்" இல்லையென்றால் தூங்கப்போகும் வழியிலோ முழிக்கும் வழியிலோ மாட்டியிருக்கிறது. இரண்டும் இருந்தும் திரை வரவில்லை என்றால் கெர்னல் முழித்துவிட்டது. சந்தேகம் கிராஃபிக்ஸ் மேல்.

இன்னொரு நல்ல இடம் /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் என்ற ஃபோல்டர். எத்தனை முறை வெற்றி, எத்தனை முறை தோல்வி, கடைசியாகத் தோற்ற டிவைஸ் எது என்று தனித்தனிக் கோப்பில் இருக்கும். தூங்க மறுத்து லேப்டாப் தானே திரும்பி வந்த சமயங்களில், குற்றவாளியின் பெயர் அங்கேயே கிடைக்கும்.

வகை 1: மூடினாலும் தூங்கவில்லை

மானிட்டர் அல்லது புரொஜெக்டர் இணைத்திருந்தீர்களா? வெளித்திரை இருந்தால் லாகின்ட் அதை டாக்கில் இருக்கும் லேப்டாப்பாக எடுத்துக்கொள்ளும். அப்போது மூடியை மூடினாலும் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் அதன் இயல்பு. இது கோளாறு இல்லை. மாற்றணும் என்றால் /ஈடிசி/சிஸ்டம்டி/லாகின்ட்.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச்டாக்ட் என்ற வரியில் இக்னோர் என்பதை சஸ்பெண்ட் ஆக்குங்க. ஆனால் டெஸ்க்டாப் சூழலும் தன் பங்குக்குத் தூக்கத்தைத் தடுக்கலாம்.

யார் தடுக்கிறார்கள் என்று பார்க்க:

சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்

அடுத்த சந்தேகம், உறைய மறுக்கும் புரோகிராம். கெர்னல் இயல்பாக 20 விநாடி காத்திருக்கும். அதற்குள் எல்லாம் உறையவில்லை என்றால் தூக்கத்தையே கைவிட்டுவிடும். லாகில் "ஃப்ரீசிங்... ஃபெயில்ட்" என்று புரோகிராம் பெயரோடு வரும். லேப் சர்வரை எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் அல்லது என்எஃப்எஸ் வழியாக மவுன்ட் பண்ணிவிட்டு, அன்மவுன்ட் பண்ணாமல் வைஃபையை விட்டு வெளியே போனால் இப்படி ஆகலாம். லேபில் இருந்து கிளம்புகிற நேரத்தில் பை சூடாவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

வகை 2: தூங்குது, ஆனால் சார்ஜ் தின்னுது

முதலில் அளந்து பாருங்க. மூடும்போது எத்தனை சதவீதம், இரண்டு மணி நேரம் கழித்து எத்தனை? பேட்டரி 50 வாட்-அவர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1 சதவீதம் குறைந்தால் 0.5 வாட் செலவு; அப்படியே நான்கு நாள் தாங்கும். மணிக்கு 10 சதவீதம் என்றால் 5 வாட். அது தூக்கம் இல்லை, திரையை மட்டும் அணைத்த விழிப்பு.

எஸ்2ஐடிலில் இதுதான் பெரிய வம்பு. எல்லா டிவைஸும் ஓய்வுக்குப் போனால்தான் பிராசசர் ஆழமான நிலைக்கு இறங்க முடியும். ஒரு எஸ்எஸ்டி, ஒரு யூஎஸ்பி டாங்கிள், அணையாத தனி ஜிபியு என ஏதாவது ஒன்று முழித்திருந்தாலும் மொத்த வீடும் முழித்திருக்கும். கெர்னல் புதியது என்றால், சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் ஃபோல்டரில் லாஸ்ட்_ஹெச்டபிள்யூ_ஸ்லீப் என்ற கோப்பு இருக்கலாம். கடைசித் தூக்கத்தில் ஹார்ட்வேர் எவ்வளவு நேரம் உண்மையாகத் தூங்கியது என்பதை அது மைக்ரோ விநாடியில் சொல்லும். ஒரு மணி நேரம் மூடி வைத்தும் அங்கே 0 இருந்தால் விஷயம் புரிந்துவிடும். யூஎஸ்பியில் இருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி அளங்க. பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்க.

உங்கள் பட்டியலில் டீப் இருந்தால், தற்காலிகமாக மாற்றிப் பார்க்கலாம்:

எக்கோ டீப் | சூடோ டீ /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்

ரீபூட் பண்ணினால் பழைய நிலைக்கே வந்துவிடும், பயப்படாதீங்க. நன்றாக வேலை செய்தால் மட்டும் நிரந்தரமாக்குங்க: /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கெர்னல் வரியில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்று சேர்த்து, உபுண்டு, டெபியனில் சூடோ அப்டேட்-கிரப் கொடுங்க. சில திங்க்பேட் மாடல்களில் பயாசிலேயே ஸ்லீப் ஸ்டேட் என்ற ஆப்ஷன் உண்டு. அதை லினக்ஸ் என்று மாற்றினால்தான் எஸ்3 தலைகாட்டும்.

வகை 3: தூங்கினது முழிக்கவில்லை

திரை கறுப்பாக இருக்கிறது என்பதால் மெஷின் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கேப்ஸ்லாக் அழுத்திப் பாருங்க. விளக்கு மாறினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் டெக்ஸ்ட் திரை வரலாம். முன்பே எஸ்எஸ்ஹெச் சர்வர் போட்டு வைத்திருந்தால் ரூம்மேட் லேப்டாப்பில் இருந்து உள்ளே நுழைந்து ஜர்னலைப் படிக்கலாம்.

என்விடியாவின் சொந்த டிரைவர் போட்டிருந்தால் சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்குங்க. தூங்கும்போது ஜிபியுவின் மெமரியில் இருப்பதைப் பத்திரப்படுத்த அந்த டிரைவரோடு என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ஹைபர்னேட், என்விடியா-ரெஸ்யூம் என்று மூன்று சிஸ்டம்டி சர்வீஸ்கள் வருகின்றன. அவை எனேபிள் ஆகியிருக்கின்றனவா என்று சிஸ்டம்சிடிஎல்லில் பாருங்க.

கெர்னலே தொங்கிவிட்டது என்றால் பிஎம்_டெஸ்ட் இருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் அருமையான கருவி. தூக்கத்தின் ஒரு குறிப்பிட்ட படி வரைக்கும் மட்டும் போய், 5 விநாடி நின்று, தானே திரும்பி வரச் சொல்லலாம்:

எக்கோ ஃப்ரீசர் | சூடோ டீ /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்

பிறகு சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட் கொடுங்க. நல்லபடியாகத் திரும்பினால் ஃப்ரீசர் இருந்த இடத்தில் டிவைசஸ், அதுவும் சரி என்றால் பிளாட்ஃபார்ம். டிவைசஸ் படியில் தொங்கினால் ஏதோ ஒரு டிரைவர்தான் காரணம். எது என்று கண்டுபிடிக்க டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் படித்த பைனரி சர்ச் போதும். சந்தேகப்படும் மாட்யூல்களில் பாதியை மாட்ப்ரோப் -ஆர் மூலம் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்க. சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில், இல்லையென்றால் மறு பாதியில். வைஃபை, புளூடூத், டச்பேட் மூன்றையும் முதலில் சோதிப்பது நல்லது. எல்லாப் படியும் சரியாகி, நிஜத் தூக்கத்தில் மட்டும் தொங்கினால் சந்தேகம் ஃபர்ம்வேர் பக்கம் போகும். பயாஸ் அப்டேட், புதிய கெர்னல் இரண்டையும் முயற்சி பண்ணுங்க. வேலை முடிந்ததும் பிஎம்_டெஸ்டில் நன் என்று எழுத மறக்காதீங்க, இல்லையென்றால் லேப்டாப் 5 விநாடிக்கு மேல் தூங்கவே தூங்காது.

பிஎம்_டெஸ்ட் இல்லாமல் நிஜத் தூக்கத்தைச் சோதிக்க ஆர்டிசிவேக் உதவும்:

சூடோ ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 30

30 விநாடி தூங்கித் தானே முழிக்கும். எந்தச் சோதனைக்கு முன்னாலும் திறந்திருக்கும் கோப்புகளை சேவ் பண்ணுங்க. தொங்கிப்போனால் உடனே பவர் பட்டனுக்குப் போகாதீங்க. உபுண்டுவில் ஆல்ட்+பிரின்ட்ஸ்கிரீனைப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று இடைவெளி விட்டு அழுத்துங்க. கெர்னலுக்குக் கொஞ்சம் உயிர் இருந்தாலும் டிஸ்க்கைப் பத்திரமாக்கிவிட்டு ரீபூட் ஆகும்.

வகை 4: பைக்குள் தானாக முழிக்குது

கேட் /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப்

எழுப்பும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்ற பட்டியல் இது. எக்ஸ்ஹெச்சி என்றால் யூஎஸ்பி கன்ட்ரோலர். வயர்லெஸ் மவுஸின் டாங்கிளைச் செருகியபடியே பையில் போட்டால், மவுஸ் அசையும்போது லேப்டாப்பை எழுப்பிவிடலாம். உரிமையைப் பறிக்க:

எக்கோ எக்ஸ்ஹெச்சி | சூடோ டீ /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப்

இது ஆன்-ஆஃப் சுவிட்ச் மாதிரி. இரண்டாவது தடவை எழுதினால் உரிமை திரும்பக் கிடைத்துவிடும். ரீபூட்டிலும் மறைந்துவிடும். நிரந்தரமாக்க பூட்டின்போது ஒரே ஒரு தடவை ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் எழுதுங்க. ஒவ்வொரு தூக்கத்துக்கும் ஓடும்படி வைத்தால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

அதுவரைக்கும்?

சரிசெய்யும் வரை பையில் போடும் முன் ஷட்டவுன் பண்ணிவிடுங்க. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. ஹைபர்னேட்டும் நல்ல வழிதான். ஆனால் அதற்கு டிஸ்க்கில் போதுமான ஸ்வாப் வேண்டும். இசட்ரேம் கணக்கில் வராது. செக்யூர் பூட் ஆனில் இருந்தால் பல டிஸ்ட்ரோக்களின் கெர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது.

இத்தனையும் பண்ணியும் சரியாகவில்லையா? உழைப்பு வீண் இல்லை. லேப்டாப் மாடல், பயாஸ் பதிப்பு, யூநேம் -ஆர் காட்டும் கெர்னல் எண், மெம்_ஸ்லீப் வரி, எந்தப் பிஎம்_டெஸ்ட் படியில் தொங்கியது, அந்த நேரத்து லாக் ஆகிய ஆறையும் சேர்த்து உங்கள் டிஸ்ட்ரோவுக்கு பக் ரிப்போர்ட் போடுங்க. "ஸ்லீப் வேலை செய்யல" என்று எழுதினால் யாராலும் ஒன்றும் பண்ண முடியாது. இந்த ஆறும் இருந்தால் டெவலப்பருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. குறிப்பிட்ட லேப்டாப் மாடல்களுக்கென்றே எழுதிய சின்னச் சின்னத் திருத்தங்கள் கெர்னலுக்குள் நிறைய இருக்கின்றன. உங்கள் மாடலுக்கும் ஒன்று சேர்ந்துவிட்டால், அதே லேப்டாப்பை வாங்கும் அடுத்த பேட்ச் ஜூனியருக்கு இப்படி ஒரு சிக்கல் இருந்ததே தெரியாமல் போகும்.