கோட்டோவியப் பயிற்சிகள்

கோட்டோவியப் பயிற்சிகள் என்பவை வரையும் திறனை வளர்ப்பதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யப்படும் வரைவு வேலைகள் ஆகும். முடிவுற்ற ஓவியம் ஒன்றை உருவாக்குவது இவற்றின் நோக்கம் அன்று. பயிற்சித் தாள்களில் பெரும்பாலானவை குப்பைக்கே போகும். கைக்கான பயிற்சிகளாகத் தோன்றினாலும் இவற்றுள் முக்கியமானவை கண்ணைப் பழக்குபவை.

பயிற்சியின் தேவை

கண் ஒன்றை வரையச் சொன்னால், புதிதாகக் கற்பவர் மீன் வடிவில் இரு வளைகோடுகளை இட்டு நடுவே முழு வட்டம் ஒன்றைப் போடுவார். எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணிலோ கருவிழியின் மேற்பகுதியை இமை மறைத்திருக்கும். நாற்காலியின் நான்கு கால்களும் ஒரே நீளம் என்று தெரிந்திருப்பதால் அவர் நான்கையும் ஒரே நீளத்தில் வரைவார். பார்வைக்குப் பின்கால்கள் குட்டையாகவே தெரியும். மனத்தில் ஏற்கெனவே பதிந்துள்ள அடையாளம் பார்வையை முந்திக்கொள்கிறது. பழைய அடையாளங்களையே நூறு முறை வரைந்தால் அந்தப் பழக்கம்தான் உறுதிப்படும். "தினமும் வரைந்தால் வந்துவிடும்" என்னும் அறிவுரை பாதி மட்டுமே சரியாவது இதனால்தான்.

பாராமல் வரைதல்

நியூயார்க்கிலுள்ள ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் பள்ளியில் கற்பித்த கிமோன் நிக்கோலைடிஸ் 1938இல் இறந்தார். அவருடைய பாடமுறை 1941இல் 'தி நேச்சுரல் வே டு டிரா' என்ற நூலாக வெளிவந்தது. அதன் முதல் பயிற்சி புறக்கோட்டு வரைவு.

இதற்குத் தனியாகப் பொருள் தேட வேண்டியதில்லை. வரைபவரின் இடது கையே போதும். தாள் நகராதபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். கையின் விளிம்பில் ஒரு புள்ளியைக் கண்ணால் பற்றி, பென்சில் முனை அந்தப் புள்ளியையே தொடுவதாக எண்ண வேண்டும். பிறகு கண் விளிம்பின் வழியே மெல்ல ஊர, பென்சிலும் அதே வேகத்தில் தாளில் ஊர வேண்டும். கோடு ஓடும்போது தாளைப் பார்க்கக் கூடாது. மடிப்பு ஒன்று உள்நோக்கித் திரும்பினால் கோடும் அதனுடன் உள்ளே போகும். அது முடிந்த இடத்தில் நிறுத்தி, அடுத்த தொடக்கப் புள்ளியைக் கண்டுகொள்ள மட்டும் தாளைப் பார்க்கலாம். கட்டைவிரலுக்கு மட்டுமே ஐந்து நிமிடம் ஆனால் வேகம் சரி என்று கொள்ளலாம்.

முடிவு விகாரமாகவே இருக்கும்: விரல்கள் பொருந்தா, மணிக்கட்டு எங்கோ நிற்கும். பலர் இரண்டு தாள்களோடு இதைக் கைவிடுகின்றனர். ஆனால் மதிப்பிட வேண்டியது உருவ ஒற்றுமையை அல்ல. நகத்தருகே கோடு எப்படித் தயங்கித் திரும்பியது, மூட்டுச் சுருக்கங்கள் எத்தனை பதிவாயின என்பதைப் பார்க்க வேண்டும். முன்பு வரைந்த வழுவழுப்பான கையில் இந்தச் செய்திகள் இருந்திருக்கமாட்டா.

இதற்கு நேர் எதிரானது அசைவு வரைவு. ஒரு நிமிடத்திற்குள் விளிம்புகளை விட்டுவிட்டு உடலின் செயலைப் பிடிப்பது அது. எடை எந்தக் காலில் விழுகிறது, தோளும் இடுப்பும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பவை பதிவானால் போதும், முகம் வேண்டியதில்லை.

வெற்றிடமும் தலைகீழ்ப் படமும்

நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரைவது மற்றொரு பயிற்சி. வெற்றிடத்திற்குப் பெயரில்லை, எனவே மனத்தில் அதற்கான ஆயத்த அடையாளமும் இல்லை. பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட 'டிராயிங் ஆன் த ரைட் சைட் ஆஃப் த பிரெய்ன்' என்ற நூல் இதைப் பரவலாக்கியது. பிக்காசோ வரைந்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையும் பயிற்சியும் அந்நூலில் உள்ளது. வலது மூளை, இடது மூளை என்று அவர் தந்த விளக்கத்தை நரம்பியல் இன்று அப்படியே ஏற்பதில்லை. எனினும் பயிற்சி பயன் தருகிறது: மூக்கு என்று அடையாளம் காண முடியாதபோது கோட்டின் சாய்வை மட்டுமே பார்க்க நேர்கிறது.

படி எடுத்தல்

பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைவது பழைய முறை. பிரான்சில் சார்லஸ் பார்க், ஜெரோமுடன் சேர்ந்து 1866 முதல் 1871 வரை வெளியிட்ட வரைவுப் பாடத்தில் 197 படத்தாள்கள் உள்ளன. முதற்பகுதியில் பிளாஸ்டர் வார்ப்புகள்; அவற்றுள் பல தாள்களில் முதலில் நேர்கோடுகளால் ஆன எளிய அமைப்பும் அருகே முடிவுற்ற படமும் இருக்கும். ஓவியராக முடிவெடுத்த 1880இல், தம் 27ஆம் வயதில், பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் இருந்தபடி வான் கோ இப்பாடத்தின் கரித்துண்டுப் பயிற்சிகளைப் படியெடுத்தார். 1890இலும் அவர் அவற்றுக்குத் திரும்பினார்.

படியெடுப்பதில் குறையும் உண்டு. முப்பரிமாணப் பொருளைத் தட்டைக் கோடாக்கும் கடினமான வேலையை முந்தைய ஓவியர் செய்து முடித்திருப்பார். அளவும் சாய்வும் பழகுவதற்கு இம்முறை சிறந்தது; இதை மட்டுமே செய்தவர் உண்மையான கையின் முன் அமர்ந்ததும் தடுமாறுவார். ஒளிப்படத்தைப் பார்த்து வரைவதற்கும் இதே குறை பொருந்தும்.

சரிபார்த்தல்

எந்தப் பயிற்சியானாலும் பிழையைக் கண்டறிய வழி வேண்டும். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலால் தலையின் நீளத்தைக் குறித்துக்கொண்டு உடல் அதைப்போல் எத்தனை மடங்கு என அளப்பது எளிய வழி. முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். முடித்த படத்தைக் கண்ணாடியில் பார்த்தால், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய சாய்வு உடனே தெரியும். தாள்களில் தேதி இட்டு வைப்பதும் உதவும். ஒரே பிழை மூன்று மாதமாகத் தொடர்வது அப்போதுதான் கண்ணில் படும்.