முழங்கால்படியிடும்போது வலிக்கிறதா?



வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில் பாடுபட்டு, பின்பு பிள்ளைகளோடு நகரத்திற்குக் குடிவந்த தாய்மார்கள் நம் சபைகளில் உண்டு. ஏலக்காய் மரத்தில் தொங்குகிற கனி அல்லவே. செடியின் அடியிலிருந்து புறப்படும் சரங்களில், தரையை ஒட்டியே காய்க்கிறது. ஆகவே காய் எடுக்கிறவர்கள் மலைச்சரிவில் குந்தி, நகர்ந்து, மறுபடியும் குந்த வேண்டும். மாலையில் சுமையோடு இறக்கம். நகரத்திலோ மூன்றாம் மாடி வீடு, லிஃப்ட் இல்லை. ஆராதனையில் முழங்கால்படியிட்டால் சில்லைச் சுற்றி வலி எடுக்கிறது.

முழங்காற்சில்லு, தொடையெலும்பின் முனையிலுள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடுகிறது. குந்தும்போதும் படியிறங்கும்போதும் அதன்மேல் விழும் அழுத்தம் கூடுகிறது. நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழும்போது வரும் வலிக்கு மருத்துவர்கள் ‘திரையரங்க அடையாளம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் அங்கே போகிறதில்லை. முழு இரவு ஜெபத்தில் உட்கார்ந்தாலும் அதே வலிதான் வருகிறது! எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதற்காக வலி பொய் என்று எண்ணாதிருங்கள்.

பிசியோதெரபி என்றாலே கரண்ட் வைப்பது என்று அநேகர் நினைக்கிறார்கள். கையிலிருந்த பணம் தீர்ந்துபோகிறது, வலியோ தீருவதில்லை. 2019-ல் வெளியான அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் வழிகாட்டுதல், இந்த வலிக்கு அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல், லேசர் ஆகியவை வேண்டாம் என்றே சொல்லுகிறது. 2017-ல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில் கூடிய நிபுணர்களும் உடற்பயிற்சியையே பரிந்துரைத்தார்கள். அதுவும் முழங்காலுக்கு மட்டுமல்ல, இடுப்புக்கும் சேர்த்து. இடுப்புத் தசைகள் பலவீனப்பட்டால் தொடை உள்நோக்கிச் சாய்ந்து, சில்லின் ஓட்டம் கோணலாகக்கூடும். ஆஸ்திரேலியரான ஜெனி மெக்கானல் 1986-ல் எழுதிப் பரவச்செய்த முறைப்படி சில்லின்மேல் ஒட்டும் பட்டை, பயிற்சி செய்யும் ஆரம்ப வாரங்களில் வலியைக் குறைக்க உதவும். அது துணை மாத்திரமே.

பயிற்சிகள் எளியவை. ஒருக்களித்துப் படுத்து, மேற்காலை நீட்டியபடியே மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். காலை நேராக நீட்டி, தொடைத்தசையை இறுக்கி உயர்த்துங்கள். பலம் கூடினபின் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும், தாழ்ந்த படியில் ஏறி இறங்குவதும் சேரும். எத்தனை தரம் என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் உங்களைப் பார்த்துச் சொல்லட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்யவேண்டும். செய்யும்போது சற்று வலித்து மறுநாளுக்குள் தணிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தணியாவிட்டால் அளவைக் குறையுங்கள். முழு ஓய்வு எடுத்துப் படுத்துவிடுவது தசையை இன்னும் தளர்த்தும்.

ஜெபித்தபின் பயிற்சி செய்வது அவிசுவாசம் அல்லவா என்று கேட்கிறவர்கள் உண்டு. யோர்தானில் ஏழுதரம் முழுகச் சொன்னபோது நாகமான் கோபங்கொண்டதை நினைத்துப் பாருங்கள். காலைத் தூக்கி இறக்கச் சொன்னால் நமக்கும், “இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றுதான் தோன்றுகிறது.

முழங்கால் வீங்கினாலும், சிவந்து காய்ச்சல் கண்டாலும், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலும், விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலும் பயிற்சியைத் தொடங்காமல் முதலாவது மருத்துவரிடம் போங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு மூட்டுத் தேய்மானமும் சேர்ந்திருக்கலாம். வலி குறையும்வரை நாற்காலியில் அமர்ந்தே ஜெபியுங்கள். பின்பு முழங்கால்படியிடும்போது, மடித்த கம்பளியை அடியில் போட்டுக்கொள்ளுங்கள்.