அண்டம் எப்படி வந்தது? கேள்வி கேட்கும் பிள்ளைக்குத் திருவாசகம் வைத்திருக்கும் பதில்

"சிவன்தான் உலகத்தைப் படைத்தார் என்றால், சிவனை யார் படைத்தார்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் தேவார வகுப்பு எடுப்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பது பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருக்கும். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, சாமி குத்தம்" என்று யாராவது ஒரு பெரியவர் அடக்கிவிடுவார். பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். அதே பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெருவெடிப்பைப் பற்றி யூடியூப்பில் காணொளி பார்க்கும். அதன்பின் கோயில் ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம் என்று மனத்தில் இரண்டு அறைகள் கட்டிக்கொள்ளும். தைப்பூசத்துக்கு வரும், பால்குடம் எடுக்கும். ஆனால் கேள்வியை மட்டும் கோயிலுக்குள் கொண்டுவராது.

இதில் வருத்தம் என்னவென்றால், சைவ சித்தாந்தத்தின் தலையாய நூல் தொடங்குவதே இந்தக் கேள்வியிலிருந்துதான்.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தில் மொத்தம் 12 சூத்திரங்கள். முதல் சூத்திரம் வணக்கமும் அல்ல, புராணக் கதையும் அல்ல. அவன், அவள், அது என்று நாம் சுட்டிக் காட்டுகிற எல்லாமே தோன்றி, நின்று, மறைகின்றன; ஆகவே இந்த உலகம் தானாக வந்ததாக இருக்க முடியாது, அதை ஒடுக்குகிற ஒன்று இருக்க வேண்டும், ஒடுங்கிய இடத்திலிருந்தே அது மீண்டும் தோன்றும் என்று வாதம் செய்கிறார். "உலகம் எப்படி வந்தது?" என்று கேட்ட பிள்ளையை மெய்கண்டார் அதட்டியிருக்க மாட்டார், பக்கத்தில் உட்கார வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, சிவனை யார் படைத்தார்? சித்தாந்தம் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. இறைவன், உயிர், தளை ஆகிய மூன்றுக்குமே தொடக்கம் கிடையாது. பதி, பசு, பாசம் என்பவை இவைதான். ஒன்றுமே இல்லாத இடத்தில் இறைவன் உலகத்தை மந்திரம்போல வரவழைக்கவில்லை. குயவர் மண்ணைக் கொண்டு பானை வனைவதுபோல மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து உலகத்தைத் தோற்றுவிக்கிறார். மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். இந்தப் பதிலை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் பதில் ஒன்று இருக்கிறது என்பதையாவது பிள்ளைகளிடம் சொல்லலாம் அல்லவா?

கூரை ஓட்டையில் வந்த வெளிச்சம்

மெய்கண்டாருக்கு முன்பே இந்த வியப்பைப் பாட்டாக்கியவர் மாணிக்கவாசகர். நம் நாட்டுக் கோயில்களில் திருவாசக முற்றோதல் நடக்கும்போது சிவபுராணத்தை எல்லாரும் உரக்கப் பாடுவார்கள். மூன்றாவதாக வரும் திருவண்டப்பகுதிக்கு வந்ததும் குரல்கள் இறங்கிவிடும். 182 அடிகள், கடினமான அகவல் நடை. பக்கத்தை வேகமாகப் புரட்டத் தோன்றும். 51 பகுதிகள் கொண்ட திருவாசகத்தில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான் என்பது என் எண்ணம்.

அதன் தொடக்கத்தில் மாணிக்கவாசகர் அண்டங்களைப் பார்க்கிறார். உருண்டை உருண்டையாக, 101 கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கின்றன. இவ்வளவு பெரியதைக் காட்ட அவர் எடுத்த உவமை மலையோ கடலோ இல்லை. வீட்டுக்குள் நுழையும் வெயில் கற்றையில் மிதக்கும் தூசு! தோட்டத்து லயத்தில் தகரக் கூரை ஓட்டை வழியாகக் காலை வெயில் கோடாக இறங்குவதையும், அதில் தூசு மினுங்கி மினுங்கி அலைவதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டியதில்லை. அத்தனை அண்டங்களும் இறைவனுக்கு முன்னால் அந்தத் தூசு அளவுதான் என்கிறார் அவர்.

அடுத்து, படிப்படியாக இறங்கி வருகிறார். சூரியனுக்கு ஒளி, நிலவுக்குக் குளிர்ச்சி, தீக்கு வெப்பம், காற்றுக்கு அசைவு, நீருக்குச் சுவை என்று ஒவ்வொன்றிலும் இறைவனைக் காண்கிறார். இறுதிப் பகுதியில் வந்து நிற்கும் இடம் அவருடைய சொந்த உடம்பு. எலும்பின் ஒவ்வொரு துளையிலும் அமுதம் பாய்ந்து நிறைகிறது என்கிறார். 101 கோடி அண்டங்களில் தொடங்கிய பாட்டு எலும்புத் துளைக்குள் வந்து முடிகிறது. வெளியே தேடிக்கொண்டு போனவர் உள்ளே வந்து சேர்கிறார். "உள்ளே இருக்கும் இறைவன்" என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே போய்ச் சேரும் வழியை அடி அடியாகக் காட்டியிருக்கும் பாட்டு இது.

'கடவுள்' என்ற சொல்லையே கட, உள் என்று பிரித்து, 'எல்லாவற்றையும் கடந்தும் உள்ளும் இருப்பவர்' என்று பலர் பொருள் சொல்வார்கள். சொல்லாராய்ச்சியில் இதை எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் திருவண்டப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான சுருக்கம் கிடைக்காது.

தொலைக்காட்சியில் கொதித்த புள்ளிகள்

இனி அறிவியல் பக்கம். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய கணக்கு. தொடக்கத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத வெப்பத்தோடும் அடர்த்தியோடும் இருந்து, விரியத் தொடங்கியது. விரிய விரியக் குளிர்ந்தது. ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் அணுக்கள் உருவாகி, அதுவரை சிக்கிக் கிடந்த ஒளி விடுபட்டு ஓடத் தொடங்கியது. அந்த ஒளி இன்னும் நின்றபாடில்லை.

1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் கொம்பு வடிவிலான ஒரு பெரிய ஆண்டெனாவை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது. ஆண்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சம்தான் காரணமோ என்று அதைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அவர்கள் கேட்டது அந்த ஆதி ஒளியின் மிச்சம். இன்று அது உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 270 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்துபோய், நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் கேட்க நியூ ஜெர்சிக்குப் போக வேண்டியதில்லை. கம்பத்தில் கட்டிய ஏரியலைத் திருப்பித் திருப்பி ஆர்.டி.எம்.மில் தமிழ்ப்படம் பார்த்த காலம் நினைவிருக்கும். ஒளிபரப்பு முடிந்ததும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்குமே, அதில் ஒரு சிறு பங்கு பெருவெடிப்பின் மிச்சம்தான். 2019இல் நம் நாடு இலக்கவியல் ஒளிபரப்புக்கு முழுமையாக மாறிய பிறகு அந்தக் காட்சியும் போய்விட்டது.

இன்னொரு செய்தி மாணிக்கவாசகரின் எலும்புத் துளைக்கு அருகில் வருகிறது. நம் உடம்பில் உள்ள அணுக்களை எண்ணிப் பார்த்தால் பத்தில் ஆறுக்கு மேல் ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் அணுக்கருக்களில் பெரும்பாலானவை விண்மீன்கள் பிறப்பதற்கும் முன்பே, அண்டத்தின் தொடக்கத்திலேயே உண்டானவை. எலும்பில் இருக்கும் கால்சியமும் இரத்தத்தில் இருக்கும் இரும்பும் வெடித்துச் சிதறிய விண்மீன்களில் சமைக்கப்பட்டவை. நேற்றுப் பிறந்த குழந்தையின் உடம்பிலும் 1,380 கோடி ஆண்டுப் பழமை இருக்கிறது.

புலனத்தில் வருவதை அப்படியே நம்பலாமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். "பெருவெடிப்பைத் திருவாசகம் அன்றே சொல்லிவிட்டது", "நடராசரை விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டார்கள்" என்றெல்லாம் புலனத்தில் செய்திகள் சுற்றுகின்றன. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் நடராசர் சிலை இருப்பது உண்மை. 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது அது. துகள்களின் ஓயாத அசைவுக்கும் சிவ நடனத்துக்கும் உள்ள ஒப்புமையைச் சிலர் ரசித்தார்கள். அது அழகான ஒப்புமை, சோதனைக்கூட முடிவு அல்ல. மாணிக்கவாசகரிடம் தொலைநோக்கி இல்லை. அவரிடம் வியப்பு இருந்தது. அதை அறிவியல் சான்றிதழாக மாற்றினால் அவருக்குப் பெருமை கூடிவிடாது என்பது தமிழ் படித்தவள் என்ற முறையில் என் கருத்து.

பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவரே இந்த நிதானத்தைக் காட்டியிருக்கிறார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து வந்திருக்கலாம் என்றார். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் படைப்பை உறுதிப்படுத்துகிறது என்ற பொருளில் பேசினார். லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது அவர் நிலை. காலையில் பூசை வைத்துவிட்டுப் பகலில் கணக்குப் போட்டவர் அவர். இரண்டையும் கலக்கவும் இல்லை, எதையும் கைவிடவும் இல்லை.

நம்மவர்களில் வேதாத்திரி மகரிஷியையும் சொல்லியாக வேண்டும். கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். இறைவன் என்பது என்ன, உயிர் என்பது என்ன, வறுமை ஏன் என்று இளவயதிலேயே கேட்கத் தொடங்கி, சுத்தவெளியே இறைநிலை, அதுவே அண்டமாகவும் உயிராகவும் மாறியது என்று விளக்கினார். அவருடைய மனவளக்கலைப் பயிற்சி இங்கும் பலருக்கு அறிமுகமானது. அவர் சொன்ன காந்தத் தத்துவம் இன்றைய இயற்பியலோடு பொருந்தாது. ஆனால் தறியில் உட்கார்ந்த ஒருவர், பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காமல் இந்தக் கேள்வியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிதாகப்படுகிறது.

வியப்பு எப்படி உள்ளே திரும்புகிறது?

விண்மீன் தூசால் ஆனவர்கள் நாம் என்பதால் மட்டும் நமக்குள் தெய்வம் இருப்பதாகிவிடாது. ஆற்றங்கரைக் கல்லும் அதே தூசுதான், எரிந்துபோன சாம்பிராணியும் அதே தூசுதான். வேறுபாடு, நாம் கேட்கிறோம் என்பது.

மெய்கண்டார் மூன்றாம் சூத்திரத்தில் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். "என் கை", "என் உடம்பு" என்று சொல்கிறோமே, அந்த 'என்' யாருடையது? உடம்பை உடைமையாகச் சொல்லும் ஒன்று, உடம்பிலிருந்து வேறாகத்தானே இருக்க வேண்டும்? அதுவே உயிர். அந்த உயிரும் தானாக எதையும் அறிந்துவிடாது. கண் நன்றாக இருந்தாலும் வெளிச்சம் இல்லாவிட்டால் எதையும் பார்க்க முடியாது. அதுபோல, உயிர் அறியும்போதெல்லாம் அதற்குள் இறைவன் உடனிருந்து அறிவிக்கிறான் என்கிறது சித்தாந்தம். அப்படியானால் ஒரு பிள்ளை மேலே பார்த்து "இதெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் அந்த நொடியிலேயே, கேட்க வைப்பவன் உள்ளே இருக்கிறான்.

"நானே கடவுள்" என்பதிலிருந்து இது வேறுபட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிர் இறைவனாகிவிடுவதாகச் சித்தாந்தம் சொல்வதில்லை. பிரிக்க முடியாமல் கலந்திருப்பதாகத்தான் சொல்கிறது. உயிரைச் சுருக்கி வைத்திருப்பது ஆணவம். வானத்தின் அளவைக் கேட்டதும் நம் கோபம், வீம்பு, பக்கத்து வீட்டோடு உள்ள வேலித் தகராறு எல்லாம் ஒரு கணம் சிறுத்துப்போகின்றன அல்லவா? அந்த ஆணவம் தளரும்போதுதான் உள்ளே இருப்பது தெரியத் தொடங்கும்.

எல்லாருக்கும் இப்படித் தோன்ற வேண்டும் என்றில்லை. அதே வானத்தைப் பார்த்து, "எங்கும் இருட்டு, யாரும் இல்லை" என்று உணர்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தொலைநோக்கி காட்டி மாற்ற முடியாது, திட்டியும் மாற்ற முடியாது.

பார்க்க விரும்புவோருக்கு

கார்த்திகை, மார்கழி மாதங்களில் இரவு ஒன்பது மணிவாக்கில், மழை விட்டுக் கொடுத்தால், வானத்தின் கிழக்குப் பக்கமாகப் பாருங்கள். சிறு கொத்தாக ஆறு விண்மீன்கள் தெரியும். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அவர்கள்தான். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன. அது புறப்பட்டபோது மலாக்கா போர்த்துகீசியர் கையில் இருந்தது. நம் கொள்ளுத் தாத்தாக்கள் பால்மரக் காட்டுக்கு வர இன்னும் முந்நூறு ஆண்டுகள் இருந்தன.

அதற்குக் கீழே சற்றுத் தள்ளி, சிவப்பாக ஒன்று இருக்கும். அதுதான் திருவாதிரை, நடராசருக்கு உரிய விண்மீன். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியையும் தாண்டி விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியது. வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. ஒரு நாள் வெடித்துச் சிதறும். அது நாளைக்கே நடக்கலாம், ஒரு லட்சம் ஆண்டுகளும் ஆகலாம். அப்போது அதிலிருந்து பறக்கும் தனிமங்கள், இனிமேல் பிறக்கப் போகும் ஏதோ ஓர் உலகத்துக்குப் போய்ச் சேரும்.

பட்டணத்து விளக்குகளுக்கு நடுவே இவை சரியாகத் தெரியாது. தோட்டத்தில் உறவினர் இருந்தால் அங்கே போங்கள். செம்பனைக் காட்டு ஓரத்தில், திடல் பக்கமாக நின்றால் போதும். திரும்பி வந்து திருவண்டப்பகுதியை எடுத்து, உரையோடு மெதுவாகப் படித்துப் பாருங்கள். பிள்ளை கூட இருந்தால், முதலில் பிள்ளையைக் கேட்க விடுங்கள்.