பாறசாலையிலிருந்து ஜெனீவாவுக்குப் படி எத்தனை?

பள்ளிகளில் ஜூனியர் ரெட் கிராஸ் பெயர்ப் பதிவு முடியும் நேரம் இது. இஞ்சிவிளை, உச்சக்கடை, தனுவச்சபுரம் பக்கமிருந்து வரும் கடிதங்களில் கிரேஸ் மார்க் பற்றிய கேள்விகளோடு இன்னொரு கேள்வியும் இம்முறை சேர்ந்திருக்கிறது. உலக அமைப்புகளில் இளைஞர்களே முடிவெடுக்கலாம் என்று முகாமில் சொன்னார்களாம். எங்கள் பிள்ளைகளால் அது முடியுமா?

அறிக்கைகளில் ‘இளையோருக்கு அதிகாரம்’ என்று வருவது பெரும்பாலும் பயிற்சி முகாம், சீருடை, சான்றிதழ் ஆகிய மூன்றைத்தான் குறிக்கிறது. அவை நல்லவை. ஆனால் எதைச் செய்வது, எதை நிறுத்துவது, பணத்தை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒருவருக்கு வாக்கு இருந்தால்தான் அதை அதிகாரம் என்று சொல்ல முடியும். அந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம்.

ஜெனீவாவில் இருக்கும் ரெட் கிராஸ், ரெட் கிரெசன்ட் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பில் இளையோர் ஆணையம் ஒன்று உண்டு. அதன் தலைவர் கூட்டமைப்பின் ஆட்சிக் குழுவிலும் உறுப்பினர். உலக அமைப்புகள் பலவற்றில் இளைஞர்களைப் பேசவிட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே குழுவிலேயே நாற்காலி போட்டிருக்கிறார்கள். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதை முடிவுசெய்வது கூட்டமைப்பின் பொதுச்சபை. அங்கே நாட்டுச் சங்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. இந்தியாவின் வாக்கு டெல்லியில் இருக்கிறது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்திய ரெட் கிராஸ் சங்கத்துக்குக் குடியரசுத் தலைவரே தலைவர். தேசிய நிர்வாகக் குழுவின் தலைவரையும் 6 உறுப்பினர்களையும் அவர் நியமிக்கிறார். 12 பேரை மாநில, யூனியன் பிரதேசக் கிளைகள் தேர்ந்தெடுக்கின்றன. இரண்டு வழியிலும் இளையோருக்கென்று ஒதுக்கிய இடம் கிடையாது. கீழே வந்தால் மாநிலக் கிளைக்கு ஆளுநர், மாவட்டக் கிளைக்கு ஆட்சியர். எல்லாப் படியின் உச்சியிலும் பதவியால் வந்தவர்தான் இருக்கிறார். பாறசாலைப் பள்ளியில் முதலுதவி கற்று, சந்தா கட்டி, விழா நாளில் வெயிலில் நிற்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த ஏணியின் எந்தப் படியிலும் வாக்கு இல்லை. மேலே ஒரு நாற்காலி இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் பாதைதான் போடப்படவில்லை.

கேரள-தமிழக எல்லைக் கிராமங்களுக்கு இது வெறும் தத்துவப் பிரச்சினை அல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது பொழியூர்க்காரர்களும் நீரோடிக்காரர்களும் ஒரே கடலில்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒன்று நெய்யாற்றின்கரை வட்டம், மற்றது கன்னியாகுமரி மாவட்டம், நடந்துபோகும் தூரம். இரண்டு ஊர் இளைஞர்களும் சேர்ந்து ஒரே மீட்புப் பயிற்சி நடத்த வேண்டும் என்று ஒரு மாணவி முன்மொழிந்தால் என்ன ஆகும்? முறைப்படி அந்த யோசனை கவுன்சலர் ஆசிரியர் வழியாக மாவட்டக் கிளைக்கும், அங்கிருந்து மாநிலக் கிளைக்கும் ஏற வேண்டும். பிறகு சென்னைக்குப் போய் நாகர்கோவிலுக்கு இறங்க வேண்டும். வழியில் எந்த மேசையிலும் அது நின்றுபோகலாம். நின்றால் ஏன் என்று கேட்க அவளுக்கு உரிமையில்லை.

வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஐரோப்பிய மன்றத்தின் இளையோர் துறையில் 1972 முதல் இணை நிர்வாக முறை நடக்கிறது. அரசுப் பிரதிநிதிகளும் இளையோர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் ஒரே மன்றத்தில் அமர்ந்து, பணிகளின் முன்னுரிமையையும் பணத்தையும் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். ஆலோசனை கேட்டுவிட்டு முடிவைத் தாங்களே வைத்துக்கொள்ளும் வசதி அங்கே அதிகாரிகளுக்கு இல்லை. நம் மாவட்டக் குழுவில் ஜூனியர், யூத் ரெட் கிராஸ் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் ஓர் இடம், வாக்குரிமையோடு வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டம் அதைத் தொடங்கிவைக்கலாம்.

மற்ற கேள்விகள்:

களியக்காவிளையில் வீடு, பாறசாலையில் படிப்பு; எந்த மாநிலக் கணக்கு? பள்ளி இருக்கும் மாநிலம்தான்.

‘இளையோர்’ என்றால் எந்த வயது? கூட்டமைப்பின் கொள்கைப்படி 5 முதல் 30 வரை.

ஐ.நா. தன்னார்வலர் திட்டமும் இதுவும் ஒன்றா? இல்லை. அது 1970-இல் ஐ.நா. பொதுச்சபை தொடங்கியது. அதன் இளையோர் பிரிவுக்கு வயது 18 முதல் 26. வாழ்க்கைச் செலவுக்குப் படி உண்டு, ஆனால் ஐ.நா. ஊழியர் ஆகமாட்டீர்கள்.

ஜெனீவாவுக்கு நேரடியாக விண்ணப்பித்து உறுப்பினராகலாமா? முடியாது, கூட்டமைப்பின் உறுப்பினர்கள் நாட்டுச் சங்கங்கள்தான்.

பள்ளி முடிந்த பிறகு? கல்லூரியில் யூத் ரெட் கிராஸ் இருக்கிறது. அதோடு நிற்காமல், 18 வயது ஆனதும் சந்தா கட்டிப் பெரியவர்களுக்கான உறுப்பினர் அட்டையையும் வாங்குங்கள். நிர்வாகக் குழுத் தேர்தல் எப்போது என்று மாவட்டக் கிளையில் எழுதிக் கேளுங்கள்.