பெரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் மரியாதை



தோட்டத்தில் மரியாதை என்றதும் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது, துரை வந்தால் தலைத்துண்டை எடுப்பதும், ஜீப் வந்தால் ரோட்டோரம் ஒதுங்கி நிற்பதும்தான். அது கீழேயிருந்து மேலே போகிற மரியாதை. மேலேயிருந்து கீழே வரவேண்டிய மரியாதையைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். துரைமாரும், கணக்கப்பிள்ளை, கங்காணிமாரும் தொழிலாளரை எப்படி நடத்த வேண்டும், அதற்கு நாம் எப்படி உதவலாம் என்பதே விஷயம். இந்த இதழ் ஆபீசுக்கும் போகிறது. அங்கேயும் வாசிக்கட்டும்.

நம் முன்னோர் பலர் கங்காணியிடம் கடன்பட்டு இந்த மலைக்கு வந்தவர்கள். அந்தக் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதப்பட்டு, ஆளோடு சேர்ந்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போனது. கடன் தீரும்வரை ஆளும் தோட்டத்துச் சொத்து மாதிரித்தான். 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த நாள் சம்பளம் கொடுத்த வழக்கமும் 1984இல் முடிந்தது. சீட்டும் போச்சு, சம்பள வித்தியாசமும் போச்சு. “ஏய், இந்தா, வாடி, போடி” மட்டும் சில பெரட்டுக்களங்களில் இன்னும் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் புதுச் சின்னத்துரைமார் தமிழ் பழக அச்சடித்த ஒரு கைநூலின் பெயரே ‘இங்கே வா’ என்பதுதான். இன்றைக்கும் தமிழ் தெரியாமல் வருகிற இளம் உத்தியோகத்தர், மலையில் கேட்கிற தமிழைத்தான் பழகிக்கொள்கிறார். கங்காணி “வா, போ” என்றால் அவரும் அறுபது வயது அம்மாவைப் பார்த்து “வா, போ” என்பார். அது தப்பு என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே முதல் நாளே “வாங்க, போங்க” என்று பழக்கிவிடுவது பக்கத்தில் இருப்பவர்களின் பொறுப்பு. செக்ரோலில் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. நம்பரைச் சொல்லிக் கூப்பிடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு மாதம் பழகினால் போதும்.

தப்புச் செய்தவரைக் கேட்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. கொழுந்து முற்றலாக எடுத்திருந்தால், நிரையில் விட்டுப் போயிருந்தால், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரட்டில் நூறு பேர் பார்க்க, மருமகள் நிற்க மாமியாரை ஏசுவது வேறு. ஒதுக்கமாகக் கூப்பிட்டு எந்த இடத்தில் என்ன பிழை என்று காட்டுவது வேறு. ஏச்சு வாங்கியவருக்கு ஏச்சுத்தான் மனதில் நிற்கும், பிழை நிற்காது.

ஆனால் பேச்சைவிடப் பெரிய மரியாதை தராசில் இருக்கிறது என்பது எமது எண்ணம். தோட்டங்களுக்குப் போகும்போது கொழுந்தெடுக்கும் அக்காமார் எம்மிடம் கூடுதலாகச் சொல்வது நிறுவையைப் பற்றித்தான். “எத்தனை கிலோனு சொல்றதில்ல, கேட்டா நாளைக்கு வேற மலைக்கு அனுப்பிடுவாங்க” என்கிறார்கள். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு நிறை கூடும், உண்மை. கொழுந்து போட்டு வருகிற பைக்கும் நிறை உண்டு, அதுவும் உண்மை. அதற்காகக் கழிப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் வெயில் நாளிலும் அதே அளவு கழித்தால் அதற்கு என்ன பெயர்? எதற்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதைத் தமிழில் எழுதி மடுவத்தில் ஒட்டலாம். தராசின் முகத்தைக் கொழுந்து கொண்டு வந்தவர் பக்கம் திருப்பி வைக்கலாம். கிலோவைச் சத்தமாகச் சொல்லி, அவருடைய துண்டிலும் எழுதிக் கொடுக்கலாம். இதற்குக் காசு செலவில்லை. அரைப்பேர் போட்டால் அதற்குக் காரணத்தை அன்றைக்கே சொல்ல வேண்டும். சம்பள நாளில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடக்கூடாது. இதைச் சரி செய்யாமல் மகளிர் தினத்துக்கு மாலை போட்டுப் படம் எடுப்பதில் எமக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

கொழுந்து மலையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேற்பார்வைக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்ணின் கஷ்டம் ஆணின் கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மலையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு ஒதுங்க ஒரு மறைவிடம் வேண்டும், கை கழுவத் தண்ணீர் வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், வேலை நேரத்தில் இரண்டு தடவை போய்வரச் சட்டத்தில் உரிமை உண்டு: பிள்ளைக்காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அரை மணிக்குக் குறையாமல், இல்லாத இடத்தில் ஒரு மணிக்குக் குறையாமல். இது சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமானது. பிரசவ லீவும் அப்படித்தான். முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 6 வாரம்தான் கிடைத்தது; 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 வாரம். “மூணாவதா? ஒனக்கு வேற வேலை இல்லையா?” என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொரு விஷயம் பேசவே கூச்சமானது. ஆனாலும் பேசாமல் விட முடியாது. கொழுந்து வாங்கும்போது கையைப் பிடிப்பது, அசிங்கமாகப் பேசுவது, “கொஞ்சம் அனுசரிச்சு நடந்தா லேசான மலை தர்றேன்” என்று சாடையாகச் சொல்வது. இவையெல்லாம் ‘தமாஷ்’ அல்ல. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது குற்றம். வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் இப்படி நடப்பதும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. 5 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. “அவர் அப்படித்தான், நீ ஒதுங்கிப் போ” என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லும் துரை, அந்த ஆளுக்குத் துணை போகிறார்.

நிர்வாகத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. கங்காணி நம்ம லயத்து ஆள்தான். அவர் “வாங்க” என்றால் “என்ன, இன்னைக்கு புதுசா?” என்று சிரிக்கிறோம். கிராமத்திலிருந்து கொழுந்தெடுக்க வரும் சிங்களப் பெண்களைத் தனியாகத் தேத்தண்ணி குடிக்க விடுகிறோம். கால் ஊனமான ஒருவரைப் பெயர் சொல்லாமல் ஊனத்தைச் சொல்லியே கூப்பிடுகிறோம். பிள்ளைகளும் அதையே பழகுகிறார்கள்.

துரைமாருக்கு ஒரு வார்த்தை. வேலைக்கு ஆள் இல்லை என்று எல்லாத் தோட்டத்திலும் சொல்கிறார்கள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சம்பளத்தைச் சொல்வார்கள், அதோடு, “அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க” என்றும் சொல்வார்கள்.

குறை சொல்ல வேண்டியிருந்தால் கோபத்தில் சொல்ல வேண்டாம். எந்தத் திகதி, எந்த மலை, என்ன நேரம், யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதலாம். பிள்ளையிடம் சொல்ல முடியாத விஷயமென்றால் மாதர் தலைவியிடம் சொல்லி எழுதுங்கள். முதலில் தோட்டத் தலைவர், மாதர் தலைவியோடு ஆபீசுக்குப் போய்ப் பேசுங்கள். முறைப்பாட்டின் பிரதி ஒன்றில் ஆபீசில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் தொழில் திணைக்களக் காரியாலயம் இருக்கிறது. 345ஆம் பிரிவு விஷயமென்றால் யாருக்காகவும் காத்திருக்காமல் பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பிரிவில் நேரே சொல்லலாம். தமிழில் சொல்லவும், முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.