அஞ்ச வேண்டியது எதற்கு?



வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகன் ஆசையோடு வாங்கி வந்த மைக்ரோவேவ் அடுப்பு, ஓர் இல்லத்தில் துணியால் மூடப்பட்டு அலமாரியின் மேல் கிடந்தது. காரணம் வினவினேன். "அதில் சூடாக்கியதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வருமாம், ஹஜ்ரத்" என்றார் அவ்வீட்டு மூதாட்டி. சொல்லிக்கொண்டே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் ஒரு துண்டுப் புகையிலையும் வைத்து மடித்து வாயில் இட்டுக்கொண்டார்.

அவருடைய அச்சம் தவறன்று. அது சென்றடைந்த இடம்தான் தவறு.

அந்த அடுப்பினுள் பயன்படுவன, வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்த நுண்ணலைகள். அவை உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றுகின்றன. எக்ஸ்ரே கதிர்களைப் போன்று உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்குவதில்லை அல்லவா? அவ்வாறே அடுப்பு நின்றதும் அலைகளும் நின்றுவிடுகின்றன. உணவில் கதிர்வீச்சு எதுவும் எஞ்சுவதில்லை. கதவிலுள்ள உலோக வலை அலைகளை உள்ளேயே தடுத்து நிறுத்துகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 ஆம் ஆண்டில் இவ்வகை அலைகளைப் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்னும் ஐயப் பிரிவில் சேர்த்தது உண்மையே. அதற்கு முதன்மையான அடிப்படை, செல்பேசியைக் காதருகே வைத்துப் பேசுவோரைப் பற்றிய ஆய்வுகள்; மைக்ரோவேவில் சூடாக்கிய உணவு அன்று.

எனினும் கவனம் வேண்டும். கதவு பழுதுபட்ட அடுப்பைப் பயன்படுத்தலாகாது. இதற்கெனச் செய்யப்படாத பிளாஸ்டிக் பாத்திரங்களை உள்ளே வைத்தலாகாது. பழைய கறியை இடையிடையே கிளறி, நடுப்பகுதி வரை நன்கு சூடேற்ற வேண்டும். இல்லையேல் கிருமிகள் பிழைத்திருக்கும்.

இனி, அந்த வெற்றிலைத் தட்டிற்கு வருவோம். அதே ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலை மட்டுமன்று, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்குங்கூட மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவையே என 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் உறுதிபடக் கூறியுள்ளது. இங்கே ஐயத்திற்கு இடமே இல்லை. நிக்காஹ் விருந்து முடிந்ததும் நாம் மரியாதையாக நீட்டும் தட்டு இதுவன்றோ! காற்றோட்டமற்ற சமையலறையில் நாள்தோறும் சுவாசிக்கும் விறகுப் புகையும், மைக்ரோவேவைவிடப் பன்மடங்கு அஞ்சத்தக்கதே.

சகோதரிகளே! இன்றே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டோ சிவந்த திட்டோ தென்படுகிறதா? இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண் உள்ளதா? காரம் பட்டால் எரிகிறதா? முன்போல் வாயை அகலத் திறக்க இயலவில்லையா? இவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டறியப்படும் வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

நான் இவற்றைச் சொன்னபோது, "ஐம்பது வருடப் பழக்கமாயிற்றே!" என்றார் அம்மூதாட்டி. பழக்கம் எத்தனை ஆண்டினதாயினும், விட்ட நாளிலிருந்து நன்மைதான். "அடுத்த வாரம் மருத்துவரிடம் காட்டிவிடுகிறேன் உம்மா" என்று அவருடைய மகள் கையைப் பற்றிக்கொண்டதும், அவர் மறுப்பேதும் கூறவில்லை.

கேள்விப்பட்டதையெல்லாம் ஆராயாமல் நம்புவதும் பரப்புவதும் நம் மார்க்கம் விரும்பாதவை. இவ்வுடலோ அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைக் காக்கும் தெளிவையும் மன உறுதியையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.