கவிஞரும் புத்தகக் கடையும்

கவிதை எழுதுவோர் பலர். எழுதியதைத் தாமே சுமந்து சென்று விற்கத் துணிந்தோர் மிகச் சிலர். கவிதையை விலை கூறுவதா என்று முகம் சுளிப்போரும் உண்டு. ஆயினும் அச்சிட்ட கவிதை எவ்வாறேனும் ஒரு கை மாறினாலன்றி வாசகனை அடைவதில்லை. அந்தக் கைமாற்றத்தைத் தம் கடமையாகவே மேற்கொண்ட கவிஞர் ஒருவர் இப்பெங்களூர் நகரில் வாழ்ந்தார். இங்கு குடியேறியுள்ள தமிழன்பர்கள் அவரை அறிந்துகொள்வது நலம். ஒருவகையில் அவர் நமக்கு உறவினருமாவார்.

கன்னடக் கவிஞர் ஜி. பி. ராஜரத்னம் அவர்களையே குறிப்பிடுகிறேன். பெயரின் முதலெழுத்து குண்டலுப்பேட்டையைக் குறிப்பது. அவருடைய முன்னோர் நாகப்பட்டினத்தை அடுத்த திருக்கண்ணபுரத்திலிருந்து மைசூர்ச் சீமைக்கு வந்து, அவ்வூரில் குடியமர்ந்தவர்கள். நம்மைப்போலவே ஊர் விட்டு வந்த குடும்பம். பேரப்பிள்ளைகள் காலத்தில் வந்த ஊரின் மொழியே அவர்தம் கவிமொழியாயிற்று.

ராஜரத்னம் கல்லூரியில் கன்னடம் போதித்தார். 1930களில் அவருக்குப் புகழ் தேடித் தந்தவை ‘ரத்னன பதகளு’ என்னும் பாடல்கள். ரத்னன் என்ற குடிகாரன், தெருவில் பேசும் கொச்சை மொழியில், தன் இன்ப துன்பங்களைப் பாடுவதாக அமைந்தவை அவை. இத்தகைய கவிதையைக் கண்ணால் மட்டும் வாசித்தால் பாதிதான் கிட்டும். நாவில் வைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். பின்னாளில் மைசூர் அனந்தசுவாமி அவற்றுக்கு இசையமைத்துப் பாடியபின், எழுத்தறியாதாரும் அவற்றை முணுமுணுத்தனர்.

அந்தப் பேராசிரியரோ புத்தகக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இலக்கியக் கூட்டங்களுக்குச் செல்வார். தம் நூல்களோடு பிறர் நூல்களையும் விற்பார். ‘சாகித்ய பரிசாரகர்’ என்பது அவருக்கு வழங்கிய பெயர். இலக்கியத்துக்கு ஊழியம் செய்பவர் என்பது கன்னடப் பொருள். நம் காதிலோ பரிசாரகர் என்றால் விருந்தில் இலை பார்த்துப் பரிமாறுபவரே தோன்றுவார். அந்தப் பொருளும் அவருக்குப் பொருத்தந்தான். 1978இல் தில்லியில் கூடிய கன்னட சாகித்ய சம்மேளனத்திற்குத் தலைமை தாங்கி, அடுத்த ஆண்டு மறைந்தார்.

தமிழில் இதற்கு இணையான வரலாறு சி. சு. செல்லப்பாவினுடையது. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையை அவர் தொடங்கினார். புதுக்கவிதை அதில் இடம்பெற்றபோது எழுந்த ஏளனம் கொஞ்சமல்ல. 1962இல் இருபத்து நான்கு கவிஞர்களின் அறுபத்து மூன்று கவிதைகளைத் தொகுத்துப் ‘புதுக்குரல்கள்’ என வெளியிட்டார். வெளியிட்டால் ஆயிற்றா? புத்தகப் பையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக அவரே ஏறி இறங்கினார். புதுக்கவிதை கல்லூரி வகுப்பறைக்குள் நுழைந்த வழியைத் தேடுவோர், விமரிசனக் கட்டுரைகளோடு அந்தப் பையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கவிதையை விற்பதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1953இல் ‘சிட்டி லைட்ஸ்’ என்ற புத்தகக் கடையைக் கூட்டாகத் தொடங்கியவர்களுள் லாரன்ஸ் பெர்லிங்கெட்டி ஒரு கவிஞர். சட்டைப் பையில் அடங்கும் சிறு கவிதை நூல்களை அவர் மலிவு விலையில் வெளியிட்டார். அவற்றுள் ஆலன் கின்ஸ்பெர்க்கின் நூல் ஆபாசமானது என்று 1957இல் வழக்கு வந்தது. கைதானவர் எழுதிய கவிஞர் அல்லர். வெளியிட்ட பெர்லிங்கெட்டியும், கடையில் அதை விற்றவருமே. இறுதியில் நீதிபதி அந்நூல் ஆபாசமன்று எனத் தீர்ப்பளித்தார்.

இவ்வளவு பாடும் ஏன் என்று கேட்கலாம். நாவலை வாங்கி வீட்டுக்குச் சென்றுதான் படிக்க முடியும். கவிதையையோ கடை அலமாரியின் முன் நின்றபடியே ஒன்றை முழுமையாகப் படித்துவிடலாம். படித்தவர் வாங்காமல் போகவும் கூடும்! வணிகக் கண்ணுக்கு இது நஷ்டம். எனவேதான் கவிதை நூலை வைத்திருக்கும் கடைக்காரருக்குப் பொறுமை வேண்டும். மெல்ல விற்கும் சரக்கு அது. ஆண்டுக்கணக்கில் தூசி தட்டித் தட்டி வைத்திருந்தால், ஒருநாள் அதற்குரியவர் வந்து சேருவார்.

அத்தகைய பொறுமைக்குப் பெங்களூர் பேர் பெற்றது. 1945இல் கே. பி. கே. ராவ் தொடங்கிய ‘செலக்ட்’ கடை பழைய, அரிய நூல்களுக்கு இடமளித்தது. சர்ச் தெருவையொட்டி டி. எஸ். ஷான்பாக் நடத்திய ‘பிரீமியர்’ கடையில் புத்தகங்கள் தரையிலிருந்து கூரையை நோக்கிக் கோபுரமாக அடுக்கியிருக்கும். அடியில் உள்ளதை உருவினால் அனைத்தும் சரியும் என்று அஞ்சி நிற்போம். எது எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். 1971இல் தொடங்கிய அக்கடை 2009இல் மூடப்பட்டது. ஷான்பாக் 2021இல் காலமானார்.

நம் தமிழ்க் கவிதை நூல்களுக்கு இந்நகரில் அவ்வளவு விரிந்த அலமாரி அமைந்ததில்லை. 1950இல் தோன்றிய தமிழ்ச் சங்கத்தின் நூலகம் அல்சூரில் இருக்கிறது; மற்றபடி, ஊருக்குப் போய் வருவோரின் பெட்டியில் வேட்டி சேலைகளுக்கிடையே வந்து சேருபவையே மிகுதி. அடுத்த முறை தாங்கள் சென்று திரும்பும்போது ஒரு கவிதை நூலை இரண்டு படிகளாக வாங்கி வாருங்கள். ஒன்று தங்களுக்கு, மற்றொன்று அண்டை வீட்டாருக்கு.